பூட்டிய கை

யாப்பு விஷயத்தில் சகாயசெல்வி டீச்சர் யாருக்கும் தயவு காட்டியதில்லை. ஒருமுறை பங்குத் திருவிழா அழைப்பிதழுக்காகப் பங்குச்சாமியார் ஆசை ஆசையாக ஒரு வெண்பா எழுதி, அச்சுக்குப் போகும் முன் டீச்சர் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று கோயில் மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் கொடுத்தனுப்பினார். டீச்சர் பார்த்த பார்வையில் நான்கு அடியில் மூன்று அடிக்குச் சிவப்பு மை விழுந்தது. அந்த வருஷ அழைப்பிதழில் வெண்பாவே இல்லை. இன்றைக்கும் டீச்சர் தோத்திரம் சாமி என்று கும்பிட்டால் சாமியார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் ஆசீர் கொடுக்கிறார்.

அப்பேர்ப்பட்ட டீச்சரைத் தேடி ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பர்ஹானா வந்தாள். ஒன்பதாம் வகுப்பில் டீச்சரிடம் அலகிடக் கற்று, நேர் எது நிரை எது என்று குழம்பிக் கண்ணைக் கசக்கியவள். இப்போது திண்டுக்கல் கோர்ட்டில் வக்கீல். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செல்போனை டீச்சர் முன்னால் நீட்டினாள். திரையில் இரண்டே அடி இருந்தது.

ஆட்டைப்போல் எண்ணி அடைத்துவைத்துத் தாழிட்டுப்
பூட்டிய கைவெட்டிப் போடு.

எழுதியவன் விக்னேஷ்குமார். அகரம் என்ற ஊரில் மல்லித் தோட்டம் வைத்திருக்கும் ஜக்கம்மாளின் ஒரே மகன், காலேஜில் தமிழ் படித்தவன். அந்த ஊர்ப் பொதுக்கிணற்று மோட்டார் அறையை முன்னாள் ஊராட்சித் தலைவர் உடையப்பன் தன் சொந்தப் பூட்டால் பூட்டி வைத்துக்கொண்டார். கிணறு ஊருடையது, சாவி அவருடையது. நான்கு பேரோடு போய்த் தட்டிக் கேட்ட இடத்தில் தள்ளுமுள்ளு ஆகி, உடையப்பன் புகார் கொடுத்து, கடைசியில் விக்னேஷ்குமாரை மட்டும் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். பெரிய மனிதர்கள் கூடிப் பேசி அந்த வழக்கை ஒருவழியாகச் சமரசம் செய்து முடித்துவிட்டார்கள். வெளியே வந்த பயல் சும்மா இருந்திருக்கலாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் குறள் வெண்பாவைப் போட்டு, அதற்குக் கீழே மோட்டார் அறைப் பூட்டையும் படம் எடுத்துப் போட்டான்.

திண்டுக்கல் சீமையில் பூட்டைப் பற்றிப் பாட்டு எழுதினால் யாருக்கும் ரோஷம் வராது. கையைப் பற்றி எழுதினால்தான் வம்பு. அந்தக் கை என் கைதான், அதை வெட்டச் சொல்லி ஊரைத் தூண்டுகிறான் என்று உடையப்பன் மறுபடியும் ஸ்டேஷன் படி ஏறினார். ஊர்க் கிணற்றைப் பூட்டியது தான்தான் என்று அவர் முதன்முதலாக ஒத்துக்கொண்டதே அந்தப் புகாரில்தான். ஆனால் அதைப் பார்த்துச் சிரிக்கிற நிலையில் விக்னேஷ்குமார் இல்லை. அவன் அரசுத் தேர்வில் பாஸாகி, சான்றிதழ் எல்லாம் சரிபார்த்து முடிந்து, வேலை உத்தரவுக்குக் காத்திருந்தான். இந்த வழக்கில் தண்டனை என்று ஒரு வரி விழுந்தால் வேலை கையை விட்டுப் போய்விடும்.

"போட்டோவையும் சேத்துப் போட்டுட்டான் டீச்சர். அதனால அது ஜெயிலைப் பூட்டுன கைன்னு நான் வாதாட முடியாது. மிச்சம் இருக்கிறது அந்த 'வெட்டி' ஒண்ணுதான். அது யாப்புக்காக வந்து விழுந்த சொல்லு, வேற எதைப் போட்டாலும் தளை தட்டும்னு நீங்க கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும். ஒரு சொல்லை மாத்தினா வெண்பாவே சரிஞ்சுரும்னு நீங்கதான எங்களை அம்புட்டுப் பாடு படுத்துனீங்க."

தளை தட்டுவது என்றால் ஒரு சீரிலிருந்து அடுத்த சீருக்குப் போகும் ஓட்டம் முறிவது. வெண்பாவில் அது முறிந்தால் வெண்பா இல்லை. படித்தவள் அரைகுறையாகவாவது நினைவு வைத்திருக்கிறாளே என்று டீச்சருக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

அன்று மாலையே காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்றே உட்கார்ந்தார். எங்காவது ஒரு சீர் இடறினால் போதும். யாப்புக்குத் தடுமாறுகிற பையன், கிடைத்த சொல்லைப் பிடித்துப் போட்டிருக்கிறான் என்று நெஞ்சறியச் சாட்சி சொல்லலாம். ஆனால் ஒன்றுமே இடறவில்லை. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. ஆட்டைப்போல் என்பதில் மூன்று நேரசை. அது தேமாங்காய், அடுத்து நேர் வரவேண்டும், எண் என்று நேரே வருகிறது. எண்ணி என்பது தேமா, அதன் பின்னால் நிரை வரவேண்டும், அடைத் என்று நிரை வருகிறது. ஆட்டுக்கும் பூட்டுக்கும் எதுகை, ஆட்டுக்கும் அடைப்புக்கும் மோனை. பூட்டிய என்ற கூவிளத்துக்குப் பின்னால் கை என்று நேர். கடைசிச் சீர் போடு, காசு என்னும் வாய்பாடு.

அதற்கு மேல் ஒன்றையும் டீச்சர் கவனித்தார். முதல் அடியில் முடிகிற வினை ஒன்றுகூட இல்லை. எண்ணி, அடைத்து, தாழிட்டு என்று ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு போகிறது. வாசிக்கிறவன் மூச்சு விடுவதற்கு இடம் கிடைப்பது 'போடு' என்ற கடைசிச் சொல்லில்தான். நான்கு சீர் அகலத்திலிருந்து மூன்று சீருக்கு அடி குறுகும்போது, ஆளையே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினது போல் இருந்தது. உள்ளே கிடந்து வந்தவன்தான் இப்படி எழுத முடியும். முப்பது வருஷத்தில் எந்த மாணவியின் தாளையும் பார்த்து டீச்சருக்கு வராத பொறாமை அப்போது வந்தது.

பிறகு அந்த ஒரு சொல்லுக்கு வந்தார். கைவெட்டி. கை, வெட், டிப். நேர், நேர், நேர், தேமாங்காய். வெட்டியை அடித்துவிட்டுக் கட்டி என்று எழுதினார். கை, கட், டிப். நேர், நேர், நேர். அதே தேமாங்காய். முன்னாலும் தட்டவில்லை, பின்னாலும் தட்டவில்லை. பூட்டிய கையைக் கட்டிப் போடு என்று இந்தப் பயல் எழுதியிருந்தால் எந்த உடையப்பனும் எந்த ஸ்டேஷனுக்கும் போயிருக்க முடியாது.

உடனே பர்ஹானாவுக்குப் போன் போட்டார். வேறு சொல்லும் நிற்கும், நீ நினைக்கிற மாதிரி இல்லை என்றார். பர்ஹானா அசரவில்லை. அரசு வக்கீலுக்கு நேரும் தெரியாது நிரையும் தெரியாது, அவர் அதைக் கேட்கப் போவதில்லை, நானும் கேட்க மாட்டேன், வெண்பா சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன், இருக்கிறது என்று சொல்லுங்கள், ஒரு சொல்லை மாற்றினால் பொதுவாக என்ன ஆகும் என்று கேட்பேன், தளை தட்டக்கூடும் என்று சொல்லுங்கள், இரண்டுமே உண்மைதானே என்றாள். உண்மைதான். ஆனால் உண்மையை இப்படித் துண்டு துண்டாக நறுக்கிப் பரிமாறலாம் என்று தான் அவளுக்குப் பாடம் எடுத்ததாக டீச்சருக்கு ஞாபகம் இல்லை.

வழக்குக்கு முந்தின நாள் காலையில் ஜக்கம்மாள் வந்தாள். பூ மார்க்கெட்டில் மல்லியைப் போட்டுவிட்டு அப்படியே வந்தவள், வீட்டுக்குள் வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றாள்.

"ஒரு சொல்லுலதான் இருக்காம்ல டீச்சர். வக்கீலம்மா சொல்லுச்சு. அந்தச் சொல்லை நீங்க பாத்துக்கிருவீகன்னு சொல்லுச்சு. எனக்கு அதெல்லாம் வெளங்காது. எம்புள்ளை வேலைக்குப் போயிட்டான்னாப் போதும், அந்தக் கிணத்தை அவுகளே வச்சுக்கிரட்டும்."

அவள் போன பிறகு டீச்சர் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் எட்டாவது. முதல் நன்மை வாங்கின வயதிலிருந்து தெரியும். அப்படியே சொல்லிவிட்டாலும் செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அந்தச் சாமியாரிடம்தான் போய் நிற்க வேண்டும். ஒரு தேமாங்காயைப் பற்றிப் பொய் சொல்லிவிட்டேன் சாமி என்றால், அந்த மனிதர் இத்தனை வருஷத்துக் கணக்கையும் சேர்த்தல்லவா தீர்ப்பார்.

மறுநாள் கோர்ட் டவாலி தன் பெயரை மூன்று முறை கூவியதும் டீச்சர் எழுந்து போனார். கூண்டில் ஏறி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தார். எதிரே குற்றவாளிக் கூண்டில் விக்னேஷ்குமார் நின்றான். அதுவரை அவனை அவர் நேரில் பார்த்ததில்லை. ஒல்லியாக, நெற்றியில் விபூதியோடு, இஸ்திரி போட்ட சட்டையில், நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் போலத்தான் இருந்தான். முன்வரிசை பெஞ்சில் உடையப்பன் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஜக்கம்மாள் நின்றாள்.

பர்ஹானா சொன்னபடியே கேட்டாள், டீச்சரும் சொன்னபடியே சொன்னார். நேர் நிரை என்று அவர் விளக்க விளக்க நீதித்துறை நடுவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்; பள்ளிக்கூட ஞாபகம் வந்தவர் போல ஒரு இடத்தில் லேசாகச் சிரிக்கவும் செய்தார். இனி இறங்க வேண்டியதுதான் என்று டீச்சர் நினைத்த நேரத்தில் அரசு வக்கீல் எழுந்தார். அவருக்கு நேரும் தெரியாது நிரையும் தெரியாது என்பது உண்மை. ஆனால் மனிதருக்குக் காது இருந்தது.

"அம்மா, 'வெட்டி'ன்னு இருக்கிற இடத்துல 'கட்டி'ன்னு போட்டா என்ன ஆகும்?"

பர்ஹானா தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சர் வாசல் பக்கம் பார்த்தார். ஜக்கம்மாளுக்குக் கேள்வி விளங்கவில்லை, பதில் இவரிடம் இருக்கிறது என்பது மட்டும் விளங்கியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபடியே டீச்சர் சொன்னார்.

"நிக்காதுங்க. தளை தட்டும்."

எப்படி என்று அரசு வக்கீல் கேட்டார். ஒரு பொய்க்கு வாயைத் திறந்துவிட்டால் அடுத்தது தானாக வருகிறது என்பதை டீச்சர் அன்றைக்குத்தான் கண்டார். கூவிளத்துக்குப் பின்னால் ககரம் இரண்டு அடுத்தடுத்து வந்தால் சீர் உடையும், ஆகவே புலவன் வேறு எழுத்தைத் தேடியே ஆகவேண்டும் என்று நிறுத்தி நிதானமாக, கரும்பலகை முன்னால் நிற்கிற குரலில் சொன்னார். ஒரு மாணவி அதை எழுதியிருந்தால் தாளையே கிழித்திருப்பார். அரசு வக்கீல் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நடுவர் அதைப் பதிவு செய்யச் சொன்னார். முன்வரிசையில் உடையப்பனின் முகம் சுருங்கியது. பர்ஹானா மெல்ல மூச்சு விட்டாள்.

அப்போதுதான் எதிர்க் கூண்டிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, டீச்சர் சொல்றது தப்புங்கய்யா."

பர்ஹானா திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் வாயை மூடியிருப்பார்கள். உன் முறை வரும்போது பேசலாம் என்றார் நடுவர். அவன் கேட்கவில்லை. முகமெல்லாம் சிவந்து, கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"'கட்டி'ன்னு போட்டாலும் தளை தட்டாதுங்கய்யா. நல்லா நிக்கும். டீச்சருக்கும் அது தெரியும்."

நடுவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். அவன் சொல்வது சரியா என்று கேட்டார். தப்பிக்க வழி இருந்தது. பையனுக்கு அனுபவம் போதாது என்று ஒரு வார்த்தை சொன்னால் அங்கே நம்பாதவர் இல்லை. முப்பது வருஷத் தமிழாசிரியையா, நேற்று வெண்பா எழுதிய பையனா என்றால் யார் பக்கம் சாய்வார்கள் என்று தெரியாதா. ஆனால் அவன் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் பிள்ளையை யாரோ ஊனம் என்று சொல்லிவிட்டது போல அவன் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை.

"சரிதாங்க" என்றார் டீச்சர்.

"அப்படின்னா நீங்க சொன்னது தவறா, பொய்யா?"

"பொய்ங்க."

வெட்கத்தில் காது அடைத்தது. நடுவர் பேசியது கொஞ்ச நேரம் அவர் காதில் விழவே இல்லை. சத்தியத்தின் பேரில் பொய் சொன்னால் என்ன தண்டனை என்று அவர் எச்சரித்ததும், உடனே திருத்திக்கொண்டதால் இத்தோடு விடுவதாகச் சொன்னதும் பிறகு பர்ஹானா சொல்லித்தான் தெரியும். விக்னேஷ்குமார் பேசியது மட்டும் நன்றாகக் கேட்டது. வேறு சொல் நிற்கும் என்றால் இதை ஏன் போட்டாய் என்று நடுவர் அவனைக் கேட்டிருந்தார்.

"முதல்ல 'கட்டி'ன்னுதான் எழுதினேங்கய்யா. வாசிச்சுப் பாத்தேன், பொய்யா இருந்துச்சு. எனக்கு இருந்த கோவம் வெட்டுற கோவம்தான். அருவாளைத் தூக்கிட்டு அவர் வீட்டுக்குப் போகலை, பாட்டுல போட்டேன். யாப்பு தள்ளிவிட்டு அந்தச் சொல்லு விழுந்துச்சுன்னா, அது என் சொல்லே இல்லைன்னு ஆயிரும்யா."

ஜக்கம்மாள் வாசலிலிருந்து போய்விட்டிருந்தாள்.

அடுத்த வாய்தாவில் தீர்ப்பு. டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனார். லீவு கேட்பதே பெரும்பாடாகிவிட்டது. கோர்ட்டில் நடந்தது பள்ளித் தாளாளர் வரைக்கும் போய், விளக்கம் கேட்டு ஓலை வந்திருந்தது. போக வேண்டாம் என்றுதான் பர்ஹானாவும் சொன்னாள். போகாமல் வீட்டில் இருக்க முடியவில்லை.

குற்றம் நிரூபணமானது என்று நடுவர் வாசித்தார். குற்றவாளியின் வயதையும், யாரையும் அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை என்பதையும் எண்ணி, கொஞ்சம் அபராதமும் நீதிமன்றம் கலையும் வரை சிறையும் விதித்தார். நீதிமன்றம் கலையும் வரை என்றால் நடுவர் சாயங்காலம் நாற்காலியை விட்டு எழும் வரைக்கும். அதுவரை அவன் கைதி. கோர்ட்டின் கடைசி பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், டீக்குக்கூட எழுந்து போகக் கூடாது. கேட்கிறவருக்கு விளையாட்டுத் தண்டனை மாதிரி இருக்கும். ஆனால் தண்டனை தண்டனைதான், வேலை போய்விட்டது. அப்பீல் போகலாம் என்று பர்ஹானா சொன்னாள். அவன் பார்க்கலாம் என்றான். உடையப்பன் இம்புட்டுத்தானா என்கிற முகத்தோடு எழுந்து போனார். வெளியே வராந்தாவில் ஜக்கம்மாள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் கிட்டே போய் நின்றபோது அவள் திட்டவில்லை, முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

டீச்சர் உள்ளே வந்து கடைசி பெஞ்சில், விக்னேஷ்குமாருக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தார். இங்கே யாரும் உட்காரக் கூடாது என்று போலீஸ்காரர் சொல்லிப் பார்த்தார். டீச்சர் காது கேட்காதவர் போல இருந்துவிட்டார். முன்னால் செக் மோசடி வழக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"எம்மேல கோவமாப்பா?" என்று மெல்லக் கேட்டார்.

"எனக்காகச் சொன்னீங்கன்னு தெரியும் டீச்சர்" என்றான் அவன், முன்னால் பார்த்தபடியே. "எதை வேணாலும் சொல்லியிருக்கலாம். அது தளை தட்டும்னு சொல்லியிருக்க வேண்டாம்."

மன்னித்துக்கொள் என்று டீச்சர் சொல்ல வந்து, அந்த இடத்தில் அது ரொம்பச் சின்னதாக இருக்கும் என்று பட்டதால் சொல்லவில்லை. செக் வழக்கு முடிந்து அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். மதியத்துக்குப் பிறகு கூட்டம் குறைந்தது. போலீஸ்காரர் கொஞ்சம் கண்ணயர்ந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"'கட்டி'ன்னே விட்டிருந்தா... ஓசைக்கு அது இன்னும் நல்லா இருந்திருக்குமோ?"

டீச்சர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பூட்டிய கைகட்டிப் போடு. கையும் கட்டும் ஒரே எழுத்தில் தொடங்கி, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு, அடி தடையில்லாமல் ஓடியது. கைவெட்டி என்னும்போது அந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. காது உள்ளவனுக்குத் தெரியும். டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு சொல்லுக்காக வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். இல்லையப்பா, நீ போட்டதுதான் சரி என்று சொன்னால் யாருக்கும் நட்டமில்லை, இங்கே சத்தியமும் இல்லை, பதிவு செய்ய ஆளும் இல்லை.

"ஆமாப்பா" என்றார். "நல்லா இருந்திருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு" என்றான் விக்னேஷ்குமார்.

நடுவர் எழுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.